கோட்டையையே கழட்டி வேற ஊர்ல நிறுத்தினாங்களாமே, எங்க தெரு மண்டபத்தை நாப்பது அடி நகர்த்த முடியாதா?

கொருக்குப்பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்க வீடு. தெருமுனையில சின்னதா ஒரு அம்மன் கோயில். அதுக்கு முன்னாடி, ரோட்டை ஒட்டினாப்போல ஒரு நாலுகால் கல் மண்டபம் இருக்கு. ஆடித் திருவிழாவுல அம்மன் வந்து இறங்குற இடம் அதுதான். மத்த நாள்ல அங்க இஸ்திரி வண்டி நிக்கும், பூக்காரம்மா உக்காந்திருப்பாங்க. நாயக்கர் காலத்துதுன்னு பெரியவங்க சொல்றாங்க, கல்வெட்டு ஒண்ணும் கிடையாது. தூண்ல மீன், ஆமை, குழல் ஊதுற கிருஷ்ணர், அப்புறம் யாரோ கும்பிடு போட்டு நிக்கிற மாதிரி ஒரு ஆளு.

ஒவ்வொரு வாட்டி ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாம மேலயே போட்டு, மேலயே போட்டு, மண்டபத்தோட அடிப்பீடம் முழுசா ரோட்டுக்குக் கீழ போயிடுச்சு. கார்த்திகை மழைக்கு உள்ள முழங்கால் தண்ணி நிக்கும். போதாக்குறைக்கு தண்ணி லாரி ஒண்ணு ரிவர்ஸ் எடுக்கும்போது இடிச்சதுல ஒரு தூண் ரோட்டுப் பக்கமா சாஞ்சிருக்கு. அதுக்கு மேல இருக்கிற கல்லுல விரல் நுழையுற அளவுக்கு இடைவெளி.

கோயில் கமிட்டியில பேச்சு என்னன்னா, "இடிச்சிட்டு, பின்னாடி கோயில் இடத்துலயே கான்கிரீட்ல ஒண்ணு போட்டு டைல்ஸ் ஒட்டிடலாம், பளபளன்னு இருக்கும்." எனக்கு மனசு ஒப்பல. போன வாரம் ஒரு வீடியோ பார்த்தேன். ஸ்பெயின்ல பாழடைஞ்ச ஒரு கோட்டைக்குள்ள இருந்த முற்றத்தை அப்படியே பேர்த்து நியூயார்க் மியூசியத்துல வெச்சிருக்காங்களாம். கடல் தாண்டி அதைக் கொண்டு போக முடிஞ்சா நாப்பது அடி உள்ள தள்ள நம்மால முடியாதா? அந்தக் கோட்டைக் கதை நெஜம்தானா, எப்படிச் செஞ்சாங்க? விவரம் தெரிஞ்சவங்க சொன்னா கமிட்டியில வாயைத் திறக்க எனக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.


எண்ணூர் எக்ஸ்பிரஸ்:

ஜாக்கி வெச்சு வீட்டைத் தூக்குறாங்களே தலைவா, அவங்களைக் கூப்பிடு. எங்க சித்தப்பா வீட்டை மூணடி தூக்கிட்டாங்க, சுவத்துல ஒரு கோடு விழல. கீழ தூக்குறப்போ மேல சித்தி டீ போட்டுக்கிட்டு இருந்தாங்க. மண்டபமெல்லாம் ஜுஜுபி.


பழைய ஹார்பர் கை:

எக்ஸ்பிரஸ் தம்பி சொல்றதைக் கேட்டு ஜாக்கி வெச்சுடாத. வீட்டுக்கு அடியில பீம் இருக்கு, சுவரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு, அதனால மொத்தமா மேல வரும். நாலுகால் மண்டபத்துல கல்லுக்கும் கல்லுக்கும் ஒட்டே கிடையாது. மேல இருக்கிற பாரம்தான் கீழ இருக்கிறதை நிறுத்தி வெச்சிருக்கு. அடியில ஒரு பக்கம் நெம்பினாலும் நாலு தூணும் நாலு திசைக்குப் போயிடும். உன் மண்டபத்தைக் கழட்டித்தான் ஆவணும்.

நான் ஹார்பர்ல கலாசியா சேர்ந்து மேஸ்திரியா ரிட்டயர் ஆனவன், காசிமேடு. பாய்லர், டிரான்ஸ்ஃபார்மர், ரயில் இன்ஜின், எல்லாம் இந்தக் கை பார்த்துடுச்சு. அதனால பேசுறேன்.

நீ பார்த்த கோட்டை நெஜம்தான். ஸ்பெயின்லயே தெற்குக் கோடியில, அல்மேரியா பக்கம் வேலெஸ் பிளாங்கோன்னு ஊர். மலை உச்சியில 1506லேர்ந்து 1515க்குள்ள கட்டின கோட்டை. வெளியில முரட்டுக் கல்லு, உள்ள பளிங்குல பூவும் கொடியுமா செதுக்கின முற்றம். பின்னால வந்தவங்க கண்டுக்காம விட்டு பாழாகி, 1904ல முற்றத்தை மட்டும் வித்துட்டாங்க. 1913ல ஜார்ஜ் புளூமென்தால்னு நியூயார்க்ல ஒரு பேங்க் முதலாளி வாங்கித் தன் வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டாரு. 1941ல அவர் தவறிட்டாரு. 1945ல அந்த வீட்டை இடிக்கும்போது சுமார் 2,000 பளிங்குக் கல்லுக்கும் நம்பர் போட்டு இறக்கி மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொண்டு போனாங்க. ஜனங்க பார்க்கத் திறந்தது 1964ல. கோட்டை வெறும் கூடா இன்னும் அந்த மலை மேலயேதான் நிக்குது. அதனால கோட்டையை நகர்த்தினாங்கன்னு சொல்லாத, கமிட்டியில எவனாவது போனை எடுத்துத் தேடிக் காட்டிடுவான்.

ஆனா நீ அங்க சொல்ல வேண்டிய கதை இது இல்ல. இன்னொண்ணு இருக்கு, அதை நான் கண்ணால பார்த்தேன். பொண்ணு மயாமியில இருக்கா. அவளைப் பார்க்கப் போனப்போ வடக்கு மயாமி பீச்ல ஒரு பழைய மடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. ஸ்பெயின்ல செகோவியா மாகாணத்துல சாக்ரமேனியாங்கிற ஊர்ல 12ஆம் நூற்றாண்டுல கட்டினது. 1835 வாக்குல சாமியாருங்களை வெளியேத்திட்டு தானியம் கொட்டவும் மாடு கட்டவும் வெச்சிருந்தாங்களாம். 1925ல ஹெர்ஸ்ட்னு அமெரிக்கப் பத்திரிகை முதலாளி அதை வாங்கிட்டாரு. கல்லு கல்லாக் கழட்டி, நம்பர் எழுதி, வைக்கோல் வெச்சு, சுமார் 11,000 மரப்பெட்டியில கப்பல் ஏத்தியாச்சு. பெட்டி மேலயும் நம்பர். வேலை அது வரைக்கும் சுத்தம்.

வைக்கோல்னு கேட்டதும் எனக்குப் புரிஞ்சு போச்சு. செகோவியா பக்கம் அப்போ மாட்டுக்குக் கோமாரி. நியூயார்க்ல சரக்கு இறங்கினதும் அதிகாரிங்க பிடிச்சு நிறுத்திட்டாங்க, வைக்கோல்ல நோய் வரும்னு. அது அவங்க வேலை, தப்பே சொல்ல மாட்டேன். இன்னிக்கு நம்ம ஹார்பர்லயும் மரப்பெட்டின்னா சூடு காட்டின முத்திரையோ மருந்து அடிச்ச முத்திரையோ இருக்கணும், கோதுமைக் கதிர் படம் போட்டிருக்கும், இல்லைன்னா சரக்கு நகராது. அங்க என்ன பண்ணாங்கன்னா, எல்லாப் பெட்டியையும் உடைச்சு வைக்கோலைக் கொளுத்திட்டுக் கல்லைத் திரும்ப உள்ள வெச்சு மூடினாங்க. எந்தக் கல்லு எந்தப் பெட்டியிலேர்ந்து வந்துச்சுன்னு பார்க்காம.

பக்கத்துல ஒரு டாலி கிளார்க்கை, அதாவது சரக்கை எண்ணிக் குறிச்சுக்கிறவனை, உக்கார வெச்சிருந்தா போதும். ஒருத்தன், ஒரு பென்சில். அது இல்லாமப் போனதுல என்ன ஆச்சு தெரியுமா? முதலாளிக்கும் பண முடை வந்துடுச்சு. பெட்டியெல்லாம் புரூக்ளின் கிடங்குல கால் நூற்றாண்டுக்கு மேல கிடந்துச்சு. 1952ல வேற ரெண்டு பேர் வாங்கி, மயாமி கொண்டு போய்ப் பிரிச்சு, தரையில பரப்பி, எது எதோட சேரும்னு பார்த்துப் பார்த்து அடுக்கி முடிக்க 19 மாசம், கிட்டத்தட்ட 15 லட்சம் டாலர். அப்படியும் கொஞ்சம் கல்லு எங்கயும் சேரல. சிலதைப் பக்கத்துல கட்டின ஹாலுக்குப் போட்டுட்டாங்க, மிச்சம் பின்பக்கம் கிடக்கு. நான் போய்ப் பார்த்தேன். வளைவுல வர்ற ஆப்புக்கல்லு ஒண்ணு, உளி போட்ட தடம் அப்படியே தெரியுது, கட்டைவிரலை வெச்சா தடத்துல உக்காருது. அதுக்கு இடம் எங்கயோ இருக்கு, எங்கன்னு எவனுக்கும் தெரியாது. மாப்பிள்ளை வளைவைப் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாரு, நான் அந்தக் கல்லுகிட்டயே நின்னுட்டேன்.

அதே முதலாளி 1931ல இன்னொரு மடத்தை வாங்கினாரு, ஓவிலான்னு பேரு. அது இன்னும் மோசம். கல்லு சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்துச்சு, கட்டல. ஊருக்கே குடுத்துட்டாரு, கோல்டன் கேட் பார்க்ல குமிச்சு வெச்சாங்க. பெட்டி பல தடவை தீப்பிடிச்சு நம்பரும் போச்சு, கல்லும் வெடிச்சுது. தோட்டக்காரங்க பாத்திக்கு எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. 1994லதான் வைனாங்கிற ஊர்ச் சாமியாருங்க மிச்சத்தை வாங்கிட்டுப் போய் ஒரே ஒரு மண்டபத்தை மட்டும் எழுப்பினாங்க.

தூக்குறதெல்லாம் பெரிய விஷயமில்ல தம்பி. கிரேன் வரும், தூக்கும், போகும். லிஸ்ட் போச்சுன்னா உன்கிட்ட இருக்கிறது கல்லு, மண்டபம் இல்ல. உங்க கமிட்டியில ஒருத்தர் கண்டிப்பா சொல்வாரு, "இருக்கிறதே நாலு தூணு, இதுக்கு என்ன லிஸ்ட்டு, பார்த்தா தெரியாதா?"ன்னு. தெரியாது. நாலு தூணும் ஒரே அச்சுன்னு தோணும், அளந்து பாரு, ஒண்ணு அரை இஞ்ச் குட்டையா இருக்கும், அதுக்கேத்தாப்புல அடியில கல்லைச் சரிக்கட்டியிருப்பான். இடம் மாத்தி நட்டா மேல் கல்லு ஆடும்.


மண்ணடி டீச்சர்:

ஹார்பர் ஐயா சொன்னதோடு நம்ம பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிட்டியில் ஸ்பெயினை விட இது எடுபடும்.

நம் சென்னை ஜார்ஜ் கோட்டையில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் இருக்கும் கறுப்புத் தூண்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். அவை பல்லாவரம் கருங்கல். கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் 1732இல் கடல் வாசலிலிருந்து கோட்டைக்குள் வரும் பாதைக்கு 32 தூண்களை நிறுத்தினார். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அந்தத் தூண்களைப் பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1761இல் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகு திரும்பவும் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். அப்போது சென்னையில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் சரக்கு அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். அந்தக் கல்லை எப்படித்தான் கையாண்டார்களோ, ஐயாவைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்!

பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கு வேலைத் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவைதான். செஞ்சிக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. உள்ளே இருக்கும் வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் அவை. சுற்றுலா போகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று எழுதிவைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பாழடைந்த கோட்டையை இடம் மாற்றுவது என்பதற்கு நமக்குக் கிடைத்த உதாரணம் இதுதான், அதுவும் அரைகுறையாக.

நல்லபடியாகச் செய்ததும் உண்டு. நாகார்ஜுன சாகர் அணை கட்டியபோது நாகார்ஜுனகொண்டாவின் பௌத்தச் சின்னங்களை மேட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். ஸ்ரீசைலம் அணையின்போது கூடவெல்லி சங்கமேஸ்வரர் கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி ஆலம்பூரில் எழுப்பினார்கள். நம் பவானிசாகரில் அப்படி நடக்கவில்லை. டணாயக்கன் கோட்டை நீருக்குள் போனது. அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கினால் மாதவராயப் பெருமாள் கோயில் தலை காட்டும், ஊரே திரண்டு போய்ப் பார்க்கும்.

இதையெல்லாம் விட்டுவிடுங்கள். பூக்கடைப் பக்கம் சென்னக் கேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் என்று இரட்டைக் கோயில் இருக்கிறதே, பட்டணம் கோயில், அதுவே இடம் மாறியதுதான். பழைய கோயில் இன்றைய ஹைகோர்ட் இருக்கும் இடத்தில் இருந்தது. பிரெஞ்சுப் படை வந்தால் கோட்டைக்கு முன்னால் மறைப்பு எதுவும் இருக்கக்கூடாது என்று 1757இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று 1762இல் இப்போதுள்ள இடத்தில் கட்டினார். என் மாணவிகளில் பாதிப்பேர் அந்தக் கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர்கள். ஒருத்திக்கும் இது தெரியாது. வருத்தம்தான்.


எண்ணூர் எக்ஸ்பிரஸ்:

அப்போ அவங்களே இடிச்சிட்டுப் புதுசாத்தானே கட்டியிருக்காங்க டீச்சர்? கமிட்டி சொல்றதும் அதுதானே!


மண்ணடி டீச்சர்:

அன்றைக்கு இடித்தவன் பீரங்கி வைத்திருந்தான் தம்பி. உங்கள் கமிட்டியிடம் என்ன இருக்கிறது, டைல்ஸ் கேட்லாக்கா?


கொருக்குப்பேட்டைக்காரன்:

டீச்சர் 😂 இதை அப்படியே கமிட்டியில சொல்லப் போறேன்.

ஐயா, உங்க பதிலை எங்க வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, தூணுக்கெல்லாம் போன கும்பாபிஷேகத்துல சிவப்பும் மஞ்சளுமா எனாமல் பெயிண்ட் அடிச்சுட்டாங்க. அதை எடுத்துட்டுக் கழட்டணுமா, கழட்டிட்டு எடுக்கணுமா? சாண்ட் பிளாஸ்டிங் பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் வந்து நிக்கிறாரு. ரெண்டு, எங்க பாட்டி உட்பட நிறைய பேரு, கல்லைப் பிரிச்சா ஊருக்கு ஆகாதுன்னு பயப்படுறாங்க.


கல்பட்டறை:

ஐயா, நான் கல் வேலை செய்யிறவன், திருவொற்றியூர்ல பட்டறை. மணல் அடிக்கவே விடாதீங்க. பெயிண்டோட சேர்ந்து கிருஷ்ணரோட மூக்கும் போயிடும், மழமழன்னு ஆயிடும். பெயிண்டைக் கடைசியில, புது இடத்துல நட்ட பிறகு, ரிமூவர் போட்டு நார் பிரஷ்ல தேய்ச்சுத் தண்ணி விட்டு எடுக்கலாம். மெதுவாத்தான் வரும்.

பாட்டிகிட்ட பாலாலயம் பண்ணிட்டு, அதாவது வேலை முடியுற வரைக்கும் சாமியைத் தற்காலிகமா வேற இடத்துக்கு மாத்தி வெச்சுட்டுத்தான் கை வைப்போம்னு சொல்லுங்க. எந்தக் கோயில் திருப்பணிக்கும் அதுதான் முறை, அவங்களுக்கே தெரியும். அதுக்கு முன்னாடி அறநிலையத்துறையில எழுதிக் குடுத்து அனுமதி கையில வாங்கிக்குங்க. பழைய மண்டபம்னா தொல்லியல் ஆளு வந்து பார்த்துட்டுப் போகட்டும், நல்லதுதான்.

கழட்டுறது மேலயிருந்து கீழ. முதல்ல கூரை மேல போட்ட செங்கல் சுண்ணாம்புத் தளத்தைச் சுரண்டி எடுக்கணும், பாரமே அதுதான். அப்புறம் பாவுகல் (கூரையில பரப்பின பலகைக் கல்லு), உத்தரம் (பாவுகல்லைத் தாங்குற நீளக் கல்லு), போதிகை (தூண் தலையில உக்காந்து உத்தரத்தைத் தாங்குற கல்லு), கடைசியில தூண். தூண் தலையில குமிழ் இருக்கும், போதிகை அதுல குழியோட உக்காந்திருக்கும். பக்கவாட்டுல இழுத்தீங்கன்னா குமிழ் உடைஞ்சிடும், நேரா மேலதான் தூக்கணும். ரோட்டுக்கு அடியில இருக்கிற பீடத்தை மறந்துடாதீங்க, நல்ல வேலைப்பாடே அங்க இருக்கலாம். திரும்ப நடும்போது எவனாவது இணைப்புல சிமெண்ட்டை அடைக்க வந்தா கையைப் பிடிச்சு நிறுத்துங்க. அடுத்த தடவை கழட்டணும்னா கல்லு உடையாம வராது.


பழைய ஹார்பர் கை:

கல்பட்டறைக்காரர் சொன்னது கரெக்ட்டு. நான் லிஸ்ட்டையும் தூக்குறதையும் சொல்லிட்டுப் போறேன்.

வடகிழக்குத் தூணை ஒண்ணுன்னு வெச்சுக்கோ, அங்கேர்ந்து வலமா சுத்து. தூணுக்குத் தூ, போதிகைக்குப் போ, உத்தரத்துக்கு உ, பாவுகல்லுக்குப் பா. பாவுகல்லை வடக்கேர்ந்து தெற்கா எண்ணு. கல்லு எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சோ அதுக்கு ஒரு அம்பு, நுனி எப்பவும் வடக்கைக் காட்டணும். அம்பு இல்லாத நம்பர் பாதி நம்பர்தான். எழுதுறது செதுக்கின முகத்துல இல்ல, இணைப்புக்குள்ள மறையுற முகத்துல. ஆனா அந்த முகம் கழட்டினாத்தான் தெரியும், அதனால முதல்ல வெளியில சுண்ணாம்புக் கட்டியில எழுதி, தூக்கி கீழ வெச்சதும் உள்பக்கம் பெயிண்ட்ல எழுதணும். ஒவ்வொண்ணுக்கும் போட்டோ, போட்டோவுல நம்பர் தெரியணும். போன் தொலைஞ்சு போகும், அதனால நோட்லயும் கையால படம் போட்டு எழுதணும். எழுதுறவன் தூக்குறவனா இருக்கக் கூடாது. கயிறு பிடிச்சவனுக்குக் கண்ணு கல்லு மேல இருக்கும், நோட்டு மேல இருக்காது.

எடை. கருங்கல்லு கன அடிக்கு 75 கிலோவுக்கு மேல வரும். எட்டடி நீளம், ரெண்டடி அகலம், எட்டு இஞ்ச் கனம்னா ஒரு பாவுகல்லே 800 கிலோ. பசங்க சேர்ந்து தூக்கிடலாம்னு எவனாவது தோள் தட்டினா வீட்டுக்கு அனுப்பிடு. ரெண்டு டன் செயின் பிளாக் (சங்கிலி இழுத்துத் தூக்குற கப்பி), அதைத் தொங்கவிட மூணு கால் நட்ட கெட்டியான முக்காலி, இல்ல சின்ன கிரேன். கம்பிக் கயிறு வேணாம், விளிம்பைத் தின்னுடும். அகல பெல்ட்டு போடு, மூலைக்கு மூலை பழைய டயர் ரப்பர். சாஞ்சிருக்கிற தூணைத்தான் முதல்ல பார்க்கணும். மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் சவுக்கு முட்டுக் கொடுத்துடு, இல்லைன்னா மேல பாரம் குறையக் குறைய அது தானா விழும். இறக்கி வைக்கிற இடத்துல பனங்கட்டை போட்டு வை, வெறும் தரையில வெச்சா அப்புறம் பெல்ட் நுழைக்க முடியாது.

கமிட்டி எப்போன்னு சொல்லு, டேப்பு எடுத்துக்கிட்டு நானே வர்றேன்.


கொருக்குப்பேட்டைக்காரன்:

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு ஐயா, கோயில்லயே. தலைவர் டைல்ஸ் சாம்பிளோட வருவாராம்.


பழைய ஹார்பர் கை:

வரட்டும். அட்டை போட்ட பெரிய கோடு நோட்டு ரெண்டு வாங்கி வை, ரெண்டுலயும் ஒரே மாதிரி எழுதணும். ஒண்ணு கோயில் பீரோவுல, ஒண்ணு உன் வீட்ல. பேனா வேணாம், மழையில கரையும். பென்சில்.